ஆலைக்குட் புகுந்த கமரா

கண்ணாற் காணவேண்டிய ஒரு படத்தைக் காதுக்கு எடுத்துரைப்பது வானொலிக்குச் சற்றுக் கடினமான வேலைதான். ஆயினும் நேயர்கள் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டு இந்தக் காட்சியை மனத்தில் வரைந்துகொள்ளலாம்.

நீண்டதொரு மண்டபம். அதன் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நூற்கும் இயந்திரம் ஒன்று செல்கின்றது. அதிலே கதிர்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. தொலைவு செல்லச் செல்ல அவை ஒன்றோடொன்று கலந்து மங்கிப் போகின்றன. யன்னல் வழியே பகல் வெளிச்சம் விழுகின்றது. இயந்திரத்தின் அருகே ஒரு சிறுமி தனியே நிற்கின்றாள். இயந்திரத்தின் உயரத்துக்கு அவள் எட்டவில்லை. படம் கறுப்பு வெள்ளைப் படம். அதன் கீழே எழுதப்பட்ட குறிப்பு மிகச் சுருக்கமானது. இடம், ஐக்கிய அமெரிக்காவில் தென் கரோலைனா மாநிலத்து லங்காஸ்டர் என்னும் ஊரின் பருத்தி ஆலை. நாள், 1908ஆம் ஆண்டு நவம்பர் 30. சிறுமியின் உயரம் 48 அங்குலம். ஆலையிலே வேலை செய்யத் தொடங்கி அரை ஆண்டு ஆகிறது.

48 அங்குலம் என்றால் சரியாக நான்கு அடி. ஆலை முதலாளியின் கண்காணிப்பில், இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும் வேளையில், அந்தச் சிறுமியின் உயரத்தை அளந்தவர் யார்? அளவு நாடாவை நீட்டினால் அந்தக் கணமே வெளியே தள்ளப்பட்டிருப்பார். அளந்தவர் படம் எடுத்தவரேதான். அவர் அணிந்திருந்த மேற்சட்டையின் பொத்தான் ஒவ்வொன்றும் தரையிலிருந்து எத்தனை அங்குல உயரத்தில் இருக்கின்றது என்பதை அவர் முன்னரே அளந்து மனத்தில் வைத்திருந்தார். குழந்தையோடு பேசுவதுபோல அருகிற் சென்று நிற்பார். தலை எந்தப் பொத்தானுக்கு நேராக வருகின்றது என்று பார்த்துக்கொள்வார். சட்டைப்பைக்குள்ளே கையை விட்டு, உள்ளேயிருக்கும் சிறு தாளிலே, கண்ணாற் பாராமலே, பென்சிலாற் குறித்துக்கொள்வார்.

அவர் பெயர் லூயிஸ் ஹைன். தொழிற்சாலைகளில் உழைக்கும் மக்களை உள்ளது உள்ளவாறு படம் பிடித்தவர்களின் வரிசையில் அவருக்கு முன்னும் சிலர் உண்டு; பின்னும் பலர் உண்டு. எனினும், ஒரு படம் எப்போது சாட்சியாகின்றது என்ற கேள்விக்கு அவருடைய வாழ்க்கையைப்போல விடை தருவது வேறொன்றில்லை.

ஹைன் 1874ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆந் திகதி விஸ்கொன்சின் மாநிலத்தில் ஒஷ்கோஷ் என்னும் நகரிலே பிறந்தார். 1892இல் தந்தையார் விபத்தொன்றில் இறந்தார். பதினெட்டு வயது இளைஞர் தளபாடத் தொழிற்சாலை ஒன்றிலே வேலைக்குச் சேர்ந்தார். நாளொன்றுக்கு 13 மணிநேரம், கிழமைக்கு ஆறு நாள், கூலி நான்கு டொலர். பிற்காலத்தில் ஆலைக் கதவுகளைத் தட்டிய மனிதர் ஆலையை வெளியே நின்று பார்த்தவரல்லர் என்பதற்காகவே இதைக் குறிப்பிட வேண்டியிருக்கின்றது. பின்னர் சிக்காகோப் பல்கலைக்கழகத்திலே சிறிது காலம் கற்று, 1901இல் நியூயோர்க் நகருக்குச் சென்று பாடசாலை ஆசிரியரானார். அந்தப் பாடசாலையின் அதிபரே அவர் கையிலே கமராவைக் கொடுத்தவர். 1904இலிருந்து ஹைன் எல்லிஸ் தீவுக்குச் சென்று, ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்திறங்கிய குடிபெயர்ந்தோரைப் படம் எடுக்கத் தொடங்கினார்.

அக்காலத்து அமெரிக்காவின் நிலையை ஓர் எண்ணிக்கையே சொல்லிவிடும். 1900ஆம் ஆண்டின் குடிசனக் கணக்கெடுப்பில் 10 முதல் 15 வயது வரையான பிள்ளைகளுள் ஏறக்குறையப் பதினேழரை இலட்சம் பேர் தொழில் செய்பவர்களாகப் பதியப்பட்டிருந்தனர். பத்து வயதுக்கு உட்பட்டோர் அந்தக் கணக்கிலே சேரவில்லை. 1904இலே தேசியச் சிறார் தொழிற் குழு என்றதோர் அமைப்பு உருவாயிற்று. சிறார் உழைப்பைச் சட்டத்தால் தடுக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். அறிக்கைகள் வெளியிட்டார்கள், கூட்டங்கள் நடத்தினார்கள். முதலாளிமார் ஒரே சொல்லால் மறுத்தார்கள்: எங்கள் ஆலையில் அப்படிப்பட்ட குழந்தைகளே இல்லை என்றார்கள். அந்த மறுப்புக்கு எதிரே அறிக்கையால் நிற்க முடியவில்லை. 1908இலே குழு ஹைனை முழுநேர ஊழியராக அமர்த்தியது. அவர் ஆசிரியத் தொழிலை விட்டுவிட்டுக் கமராவைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்.

அந்தக் கமராவைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இன்று சட்டைப்பையில் அடங்கும் கருவியால் நொடிக்குப் பத்துப் படம் எடுக்கின்றோம். ஹைன் கொண்டு சென்றது மரப்பெட்டிக் கமரா. அதற்கு ஒரு முக்காலி. ஐந்து அங்குலத்துக்கு ஏழு அங்குலமான கண்ணாடித் தகடுகள். ஒரு தகட்டுக்கு ஒரு படம். கண்ணாடியாதலால் கனம் வேறு, உடையும் என்ற அச்சம் வேறு. பகலில் யன்னல் வெளிச்சம் போதிய இடங்களில் அதை வைத்தே சமாளித்தார். சுரங்கத்துக்குள்ளும் இரவு ஆலையிலும் மக்னீசியத் தூளைத் தட்டிலே பரப்பிக் கையால் உயர்த்திப் பிடித்துக் கொளுத்தவேண்டும். கண்ணைப் பறிக்கும் ஒளியோடு அது எரிந்து, வெண்புகை எழுந்து அறையை நிறைக்கும். ஆகவே அங்கே இரண்டாவது வாய்ப்பு என்பது அரிது.

இந்தக் குறைகளெல்லாம் சேர்ந்து படங்களுக்கு ஒரு தன்மையைக் கொடுத்தன. தூளின் ஒளி சில அடி தூரத்துக்கே வலுவாக எட்டும். ஆகவே முன்னே நிற்கும் பிள்ளையின் முகம் வெண்மையாகத் துலங்க, பின்னாலுள்ள எல்லாம் இருளுக்குள் அமிழ்ந்துவிடும். யன்னல் வெளிச்சத்தில் எடுக்கும்போது வில்லையின் வாயை அகலத் திறந்துவைக்க வேண்டும். அப்படித் திறந்தால் ஒரு குறித்த தூரத்திலுள்ள பொருளே கூர்மையாகப் பதியும். லங்காஸ்டர்ச் சிறுமியின் பின்னே இயந்திரம் மங்கிக் கரைவது அதனாலேதான். கலைக்காகச் செய்த தந்திரமென்று பார்ப்பவர் நினைக்கலாம். உண்மையில் அது பாதி, வெளிச்சக் குறைவு. மீதிப் பாதி, எங்கே குவிமையத்தை வைக்கவேண்டும் என்று ஹைன் செய்த தீர்மானம். அவர் அதை இயந்திரத்தில் வைக்கவில்லை, முகத்தில் வைத்தார்.

இனி, கதவைத் திறப்பித்த வழி. உண்மையைச் சொல்லிக்கொண்டு போனால் காவலாளி விடமாட்டான். ஆகவே ஹைன் வேடம் போட்டார். ஓரிடத்தில் வேதாகமம் விற்பவர். இன்னோரிடத்தில் காப்புறுதி முகவர். பிறிதோரிடத்தில் படத் தபாலட்டை வியாபாரி. பல ஆலைகளிலே, இயந்திரங்களின் சிறப்பைப் படம் எடுக்க வந்த தொழிற்சாலைப் படப்பிடிப்பாளர் என்றே சொல்லி நுழைந்தார். இயந்திரத்தின் அளவு விளங்குவதற்காகப் பக்கத்தில் ஒரு பிள்ளை நிற்கட்டுமே என்று அவர் கேட்டால் யார் மறுப்பார்கள்? உள்ளே விடாத இடங்களில் வாயிலிலே காத்து நின்று, விடியுமுன் வேலைக்குள் போகும் பிள்ளைகளையும், இருட்டியபின் வெளிவரும் பிள்ளைகளையும் எடுத்தார். சில ஊர்களில் அவரை அடிப்போம், கொல்வோம் என்றும் மிரட்டினார்கள்.

இங்கேதான் ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. உண்மையைக் கொண்டுவரப் புறப்பட்டவர் பொய்யைச் சொல்லி நுழைகின்றார். பொய்யாற் கிடைத்த படத்தை மெய்யென்று ஊர் எப்படி நம்பும்? ஹைன் இதை அறியாதவரல்லர். 1909இலே பஃபலோ நகரில் நடைபெற்ற மாநாட்டில் அவர் ஆற்றிய உரையிலே, படம் பொய் சொல்லாது என்ற நம்பிக்கையை அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது, பொய்யரும் படம் எடுக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை அவரே வைத்தார். அதனால் அவர் தமக்குத் தாமே கடுமையான விதிகளை வகுத்துக்கொண்டார். எடுத்த படத்தில் ஒரு கோட்டையும் திருத்துவதில்லை. பெயர், வயது, உயரம், வேலைநேரம், கூலி, இடம், நாள் யாவற்றையும் அங்கேயே குறித்துக்கொள்வது. வயதைப் பிள்ளையின் வாய்ச்சொல்லோடு விட்டுவிடாமல், இயன்றபோது வீட்டிலே குடும்பத்தின் வேதாகமத்தில் எழுதியிருக்கும் பிறந்த நாளைக்கொண்டு சரிபார்ப்பது. உள்ளே நுழையச் சொன்ன பொய்க்கு ஈடாக, வெளியே கொண்டுவந்த தகவலில் ஓர் எழுத்தும் பிசகக்கூடாது என்று அவர் எண்ணியிருக்கவேண்டும். வேடத்தைக் குற்றமென்று சொல்வோர் சொல்லலாம். அந்த வேடத்தால் நட்டமடைந்தது மூடிய கதவொன்றே.

இயல்பான படமென்றால், எடுக்கப்படுபவர் அறியாமல் எடுக்கும் படம் என்று பலர் கருதுவதுண்டு. சிறிய லைக்கா கமரா 1925இலே விற்பனைக்கு வந்தபின் அந்தக் கருத்து மேலும் வேரூன்றியது. ஆனால் ஹைனுடைய படங்களைப் பார்த்தால் பிள்ளைகள் பெரும்பாலும் நம்மையே நேராகப் பார்க்கின்றார்கள். முக்காலியை நட்டு, தகட்டைச் செருகி, தூளைப் பரப்பும் மனிதரை அவர்கள் எப்படி அறியாதிருப்பார்கள்? ஆகவே அவை ஒளிந்திருந்து எடுத்த படங்களல்ல. அவருக்கு முன், 1880களின் பிற்பகுதியில், ஜேக்கப் ரீஸ் என்னும் பத்திரிகையாளர் நியூயோர்க்கின் சேரிகளில் நள்ளிரவிலே நுழைந்து தூளைக் கொளுத்திப் படம் எடுத்தார். திடுக்கிட்டு விழித்த முகங்கள் அவற்றிலே பதிந்தன. அவையும் உண்மைதான். ஆனால் அந்த மக்கள் அங்கே பிடிபட்டவர்களாகத் தோன்றுகின்றார்கள். ஹைனின் படத்திலே நிற்கும் பிள்ளை பிடிபடவில்லை. அது தன்னுடைய இயந்திரத்தின் அருகே, தான் நிற்கும் வழக்கமான இடத்திலே, வந்த மனிதரை ஏறிட்டுப் பார்க்கின்றது. கமராவையும் அவர் பிள்ளைகளின் கண்மட்டத்துக்குத் தாழ்த்தியே வைத்தார். பார்ப்பவர் மேலேயிருந்து இரக்கத்தோடு குனிந்து பார்க்க அந்தப் படம் இடங்கொடுப்பதில்லை.

இதற்கு மாறாக, யாருமே கமராவைப் பாராத படம் ஒன்றும் உண்டு. அது 1911 ஜனவரியிலே பென்சில்வேனியா மாநிலத்தின் பிற்ஸ்டன் என்னும் சுரங்க ஊரில் எடுக்கப்பட்டது. அங்கே நிலக்கரியைச் சுரங்கத்திலிருந்து மேலே கொணர்ந்து, உயரமான கட்டடமொன்றின் உச்சியில் ஏற்றி உடைப்பார்கள். உடைந்த கரி சரிவான தொட்டிகளின் வழியே கீழ்நோக்கி ஓடிவரும். தொட்டிகளின் குறுக்கே பலகை போட்டுச் சிறுவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கால்களுக்கு இடையே ஓடும் கரியிலிருந்து கல்லையும் பலகைப் பாறையையும் கையாற் பொறுக்கி எறிவதே அவர்கள் வேலை. விரல்நுனியால் உணர்ந்து பொறுக்க வேண்டியிருந்ததால் கையுறை அணிய விடமாட்டார்கள். வேலைக்குப் புதியவர்களின் விரல்கள் வீங்கிச் சிவந்து வெடிக்கும். நாள் முழுதும் குனிந்தே இருப்பதால் முதுகு வளையும். சில வேளைகளில் ஒருவரையொருவர் காணமுடியாத அளவுக்குத் தூசி அடர்ந்திருந்தது என்று ஹைன் குறித்தார். பின்னால் ஒருவன் நின்று சோர்ந்தவர்களைக் குத்தியும் உதைத்தும் வேலை வாங்குவதுண்டு என்றும் குறித்தார். ஹைன் அந்தப் பகுதியில் இருந்த நாட்களிலேயே பதினைந்து வயதுச் சிறுவர் இருவர் கரியோடு சேர்ந்து கீழே விழுந்தனர். ஒருவன் தீக்காயப்பட்டான், மற்றவன் கரிக்குள் மூச்சுத் திணறி இறந்தான்.

அந்தப் படத்திலே காண்பது முதுகுகள், தொப்பிகள், கறுத்த கழுத்துகள். யன்னல் வழியே வரும் சாம்பல் நிற வெளிச்சத்தில் தூசி பனிமூட்டம்போல மிதக்கின்றது. வண்ணப்படம் அக்காலத்தில் எளிதன்று என்பது ஒருபுறமிருக்க, இந்த இடத்திலே வண்ணத்துக்கு வேலையே இல்லை. கரித்தூள் எல்லாவற்றையும் ஏற்கனவே கறுப்பு வெள்ளையாக்கி வைத்திருந்தது.

இவ்வாறு ஹைன் பத்தாண்டுக்குமேல் அலைந்தார். இந்தியானா மாநிலத்துக் கண்ணாடித் தொழிற்சாலைகளின் நள்ளிரவு வேலையையும், பெருநகரத் தெருக்களிலே செய்தித்தாள் விற்கும் சிறுவர்களையும், மிசிசிப்பியின் பிலொக்சி நகரிலே சிப்பி உரிக்கும் ஐந்து ஆறு வயதுக் குழந்தைகளையும் எடுத்தார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலே இன்று ஐயாயிரத்துக்கு மேற்பட்ட அப்படங்கள் குறிப்புகளோடு பேணப்படுகின்றன.

எடுத்த படங்கள் பெட்டிக்குள் தூங்கவில்லை. குழுவினர் அவற்றைத் துண்டுப்பிரசுரங்களிலும் சஞ்சிகைகளிலும் அச்சிட்டார்கள். கண்காட்சிப் பலகைகளில் ஒட்டி ஊர் ஊராக அனுப்பினார்கள். இருட்டறையிலே ஒளிவிளக்கின் உதவியால் திரையில் பெரிதாக்கிக் காட்டினார்கள். எங்கள் ஆலையில் குழந்தைகளே இல்லை என்ற சொல் அதன்பின் அவ்வளவு எளிதாக வாயில் வரவில்லை.

ஆயினும் இந்தப் படங்களே சட்டத்தை மாற்றிவிட்டன என்று சிலர் எழுதுவதை அப்படியே ஏற்கமுடியாது. சட்டத்தின் வரலாறு அவ்வளவு நேரானதன்று. 1912இலே சிறாருக்கான தனித் திணைக்களம் ஒன்று அமெரிக்க அரசில் நிறுவப்பட்டது. 1916இலே காங்கிரஸ் சபை முதலாவது சட்டத்தை நிறைவேற்றியது: 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உழைத்த ஆலையின் பொருளை மாநில எல்லை கடந்து விற்கக்கூடாது. அதை எதிர்த்து வழக்காடியவர் ஆலை முதலாளியல்லர். வட கரோலைனாவிலே ஆலைத் தொழிலாளியான ஒரு தந்தை. தன் இரு புதல்வர்களும் உழைத்துக் கொண்டுவரும் கூலியைத் தடுக்க அரசுக்கு உரிமையில்லை என்பது அவர் வாதம். வழக்கின் பின்னணியில் ஆலையதிபர்களின் ஆதரவு இருந்தது. 1918இலே உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், அந்தச் சட்டம் செல்லாதென்று தீர்த்தது. அடுத்த ஆண்டு வரிவிதிப்பு என்ற உருவிலே வேறொரு சட்டம் வந்தது. அதையும் 1922இலே அதே நீதிமன்றம் தள்ளிற்று. அரசியலமைப்பையே திருத்துவோமென்று 1924இல் காங்கிரஸ் முன்மொழிந்தது. போதிய மாநிலங்கள் அதற்கு இசையவில்லை. தீர்ப்புக்குச் சில ஆண்டுகளின் பின் பத்திரிகையாளர் ஒருவர், வழக்கிலே வென்ற அந்தப் புதல்வர்களுள் ஒருவரைத் தேடிச் சென்று, வெற்றியால் என்ன பயன் கிடைத்தது என்று கேட்டார். வளர்ந்து ஆளாகியும் 105 இறாத்தல்தான் எடை, கல்வியும் இல்லை என்பது அவருடைய விடையின் சாரம்.

1929இன் பின் வந்த பொருளாதார வீழ்ச்சியிலே பெரியவர்களுக்கே வேலை கிடைக்காத நிலையில், பிள்ளைகளை ஆலையிலிருந்து அகற்றுவதற்கு இருந்த எதிர்ப்பு தளர்ந்தது. 1938ஆம் ஆண்டின் தொழில் நியாயச் சட்டம் சிறார் உழைப்பை நாடு முழுதும் கட்டுப்படுத்தியது. 1941இலே உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைக் கைவிட்டு அந்தச் சட்டத்தை உறுதிப்படுத்தியது. லங்காஸ்டர்ப் படம் எடுக்கப்பட்டு அப்போது 32 ஆண்டு கடந்துவிட்டது. அந்தச் சிறுமி நாற்பதை அண்மிய பெண்ணாகியிருப்பாள்.

ஹைனின் கமரா இதற்கிடையே வேறு திசையிற் சென்றுவிட்டது. முதலாம் உலகப்போரின் இறுதியில் செஞ்சிலுவைச் சங்கத்துக்காக ஐரோப்பா சென்று திரும்பியவர், உழைப்பின் கொடுமையைக் காட்டியது போதும், உழைப்பின் பெருமையையும் காட்டவேண்டும் என்று கருதினார். 1920இலே எடுத்த படமொன்றில் மின்னிலையத் தொழிலாளி ஒருவர் பெரிய திருகுசாவியைப் பிடித்தபடி வளைந்து நிற்க, இயந்திரத்தின் வட்டம் அவரைச் சூழ்ந்திருக்கின்றது. பார்த்தோர் மறவாத படம்தான். ஆனால் அது நிறுத்திவைத்து எடுத்த படம். பலமுறை எடுத்துத் தேர்ந்தது. அந்தத் தொழிலாளியின் கூலி என்ன, அவர் எத்தனை மணிநேரம் நின்றார் என்று அது சொல்லவில்லை. பெருமையைச் சொல்ல வந்த படங்களிலே அழகு கூடியது. முன்னைய படங்களின் கீழே எழுதிய பென்சிற் குறிப்புகளின் வலிமை அவற்றில் இல்லை.

அவ்வழியில் அவர் செய்த பெரும்பணி 1930இலே தொடங்கிற்று. நியூயோர்க்கில் 102 மாடிகளைக் கொண்ட எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. ஹைனுக்கு அப்போது வயது 56. கட்டடம் ஒவ்வொரு மாடியாக உயர அவரும் கமராவோடு உயர்ந்தார். பாரந்தூக்கியில் தொங்கவிட்ட கூடையொன்றிலே அமர்ந்து, தெருவுக்கு நூற்றுக்கணக்கான அடி மேலே வெற்றுவெளியில் ஆடிக்கொண்டே, உத்தரங்களின்மேல் நடக்கும் மனிதர்களை எடுத்தார். வடத்தைப் பற்றிக்கொண்டு ஆகாயத்தில் நிற்கும் இளைஞனின் படம் அவற்றுள் புகழ்பெற்றது. 1932இலே இப்படங்களுட் பலவற்றைச் சேர்த்து இளையோருக்கான நூலொன்றும் வெளியிட்டார்.

இந்த இடத்திலே ஒரு தவறான நம்பிக்கையையும் திருத்திவிடலாம். வானளாவிய உத்தரமொன்றில் பதினொரு தொழிலாளர் வரிசையாக அமர்ந்து மதிய உணவு அருந்தும் படத்தை அறியாதார் குறைவு. அது ஹைனுடையது என்று பலர் எண்ணுகின்றார்கள். அன்று. அது 1932 செப்டெம்பரில் ரொக்பெல்லர் நிலையக் கட்டடத்தில், விளம்பரத்துக்காக ஏற்பாடு செய்து எடுத்தது. தொழிலாளர் மெய்யான தொழிலாளர்தாம். உயரமும் மெய்யான உயரந்தான். அந்த மதிய உணவுதான் ஏற்பாடு. தற்செயலாகக் கண்டது போலத் தோன்றும் படம் ஏற்பாடாகவும், கமராவை நேரே பார்த்து நிற்கும் பிள்ளையின் படம் சாட்சியமாகவும் அமையலாம் என்பதை இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் அறியலாம்.

ஹைனின் இறுதிக்காலம் வறுமையிலே கழிந்தது. வேலை தருவாரில்லை. ஹட்சன் ஆற்றங்கரை ஊரில் அவர் வாழ்ந்த வீடு கடனுக்காகப் பறிபோயிற்று. 1939 கிறிஸ்துமஸ் வேளையில் மனைவி இறந்தார். 1940 நவம்பர் 3இல் அவரும் இறந்தார். அவருடைய படங்களும் தகடுகளும் நியூயோர்க்கின் படப்பிடிப்பாளர் கழகமொன்றிடம் சென்று, அக்கழகமும் கலைந்தபின், ரொச்செஸ்டர் நகரத்துப் புகைப்பட அரும்பொருளகத்தை அடைந்தன.

இன்னுமொரு படத்தைச் சொல்லவேண்டும். 1910 ஓகஸ்ற் மாதத்தில் வெர்மொன்ற் மாநிலத்தின் வட பவுனல் என்னும் ஊரின் பருத்தி ஆலையில் எடுத்தது. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, வெறுங்காலோடு, அழுக்கேறிய மேலாடையோடு, நூற்கும் இயந்திரத்தின்மேல் ஒரு முழங்கையை ஊன்றி நிற்கின்றாள். கைகள் மெலிந்தவை. சோகை பிடித்தவள் என்று ஹைனின் குறிப்பு சொல்கின்றது. அவள் அழவில்லை, சிரிக்கவுமில்லை. 1998இலே அமெரிக்கத் தபால் திணைக்களம், இருபதாம் நூற்றாண்டை நினைவுகூர்ந்து வெளியிட்ட முத்திரைகளுள் ஒன்றில் இந்தப் படத்தைப் பொறித்தது. 32 சதம் பெறுமதியான முத்திரை கோடிக்கணக்கான கைகளில் ஏறி இறங்கியது.

அந்தச் சிறுமி யாரென்று அறிய விரும்பியவர்கள் நெடுங்காலம் அவளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. படத்தோடு வழங்கிவந்த பெயரில் பிழை இருந்தது. உயரத்தைப் பொத்தானால் அளந்து, வயதை ஏட்டிலே சரிபார்த்த மனிதருக்கு ஆலை இரைச்சலில் குடும்பப்பெயர் பிழையாகக் காதில் விழுந்திருக்கக்கூடும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆராய்ச்சியாளர் இருவர் 1910ஆம் ஆண்டின் குடிசனக் கணக்கைப் புரட்டி, சரியான பெயரைக் கண்டு, உறவினரைத் தேடிச் சென்றார்கள். சோகை பிடித்தவள் என்று குறிக்கப்பட்ட அந்தப் பெண் தொண்ணூறு வயதைக் கடந்து வாழ்ந்து, 1993இல் இறந்திருந்தாள். முத்திரை வெளிவந்தது அவள் இறந்து ஐந்தாண்டுக்குப் பின்.